கடைசி வாரத்தில் உடம்பு வராது

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில் தவளக்குப்பம் தாண்டினால் கிருமாம்பாக்கம், அப்புறம் கன்னியக்கோயில், முள்ளோடை. இந்த வழியில் ஜிம் பலகை மாட்டிய மாடிகளைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் பாதி இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு மேடைப் படம். சாயம் பூசி எண்ணெய் தடவிய உடம்பு, வயிற்றில் கட்டம் கட்டமாகப் பிரிந்த தசை, தொடையில் புடைத்து ஓடும் நரம்பு. அந்தப் படத்தில் நிற்பவர் அந்த ஜிம்மின் மாஸ்டராகவே இருந்துவிட்டால், சேர வருகிற பையனுக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை. பொறியியல் கல்லூரி மாணவரோ, பாகூர் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பிள்ளையோ, பன்னித்திட்டிலிருந்து வரும் மீனவ இளைஞரோ, யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், இந்த மாதிரி ஆகணும், எவ்வளவு நாள் ஆகும்?" மாஸ்டர் ஆணழகன் போட்டிக்கு எப்படித் தயாராகிறார் என்பது அதனால் அவருடைய சொந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துப் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள், அவர் விட்டதைப் பத்துப் பேர் விடுகிறார்கள். அந்தத் தயாரிப்பில் மிக அதிகமாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பார்த்துச் செய்யப்படுவதும் கடைசி வாரம். தண்ணீரைக் குறைப்பது, உப்பை நிறுத்துவது, முதலில் சோற்றை விட்டுப் பிறகு அள்ளிப் போடுவது. போட்டி உடம்பைத் தருவது இந்த வாரம் இல்லை. இந்த வாரத்தால் உடம்பைக் கெடுக்க மட்டும்தான் முடியும். பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஒருவர் அந்த வாரத்து வித்தைகளை வெளிப்படையாகவே கைவிட வேண்டும். என் கட்சி இதுதான், காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நம்புகிறார்கள் என்பதைப் பார்ப்போம். தோலுக்கும் தசைக்கும் நடுவே தேங்கியிருக்கும் நீர் வற்றிவிடும், தோல் காகிதம் போல ஒட்டிக்கொள்ளும், வெட்டு தெரியும் என்பதுதான் ஜிம்களில் சொல்லப்படும் கணக்கு. 'டிரை ஆகணும்' என்பார்கள். ஆனால் உடம்பு தண்ணீரை அப்படி இடம் பார்த்து வெளியேற்றுவதில்லை. தசையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்து தசைக்குள் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் குறைந்தது மூன்று கிராம் நீரையாவது கூட இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. மேடையில் தசை நிரம்பித் திரண்டு தெரிவது இந்த நீரால்தான். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினால் தோலுக்கடியில் வற்றுகிற அதே நேரத்தில் தசையும் வற்றுகிறது, இரத்தத்தின் அளவும் குறைகிறது. மேடைக்குப் பின்னால் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துப் பம்ப் ஏற்றப் பார்ப்பவருக்குப் பம்ப் ஏறாமல் போவது இதனால்தான். பம்ப் என்பதே தசைக்குள் பாய்ந்து நிரம்பும் இரத்தம். இரத்தமே சுண்டிப்போனால் எது பாயும்? கூடவே உப்பையும் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். சோடியம் குறைந்தால் உடம்பு பயந்துபோய் இருப்பதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. குடலில் குளுக்கோஸை உள்ளே இழுப்பதற்கும் சோடியம் வேண்டும். ஆக, கார்ப் லோடிங் என்று வெள்ளைச் சோற்றையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வாழைப்பழத்தையும் அடுக்குகிற அதே நாளில் உப்பையும் தண்ணீரையும் நிறுத்துவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுதான். அறுக்கப்போகிற வாரத்தில் யூரியா தூவி நெல்மணி பிடிக்க வைக்க முடியாது என்று பாகூர் விவசாயிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் நம்மவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

இது என் சொந்த ஊகம் இல்லை. எரிக் ஹெல்ம்ஸ், ஆலன் ஆரகான், பீட்டர் ஃபிட்சன் மூவரும் ஊக்கமருந்து இல்லாத ஆணழகன் போட்டித் தயாரிப்பு குறித்து அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகெங்கும் பயிற்சியாளர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரைதான் இறக்க வேண்டும், கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் புரதம் வேண்டும், மொத்தக் கலோரியில் 15 முதல் 30 சதவீதம் கொழுப்பிலிருந்து வரலாம் என்று அவர்கள் எண்களோடு சொல்கிறார்கள். கடைசி வாரத்துத் தண்ணீர், உப்பு விளையாட்டுக்கு வரும்போது மட்டும் அவர்கள் குரல் மாறுகிறது. அது ஆபத்தாகலாம், தோற்றத்தை மேம்படுத்தும் என்பதற்கும் உறுதியில்லை என்கிறார்கள். போட்டியாளர்களுக்கு உதவவே எழுதப்பட்ட கட்டுரையில் இப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். போட்டியே வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்களின் அறிவுரை இல்லை அது.

உடம்பு எப்போது வருகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75 கிலோ எடையுள்ள ஒரு மாஸ்டர், உடம்பில் 15 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு ஏறக்குறைய 11 கிலோ, மீதி 64 கிலோ. தசையில் ஒரு கிராமும் இழக்காமல் 6 சதவீதத்துக்கு வந்தால் மேடை எடை 68 கிலோ. இறக்க வேண்டியது 7 கிலோ. வாரம் அரைக் கிலோ என்றால் 14 வாரம். இடையில் காய்ச்சல், கல்யாணச் சாப்பாடு, வேலை நெருக்கடி என்று இரண்டு வாரமாவது போகும், ஆக 16. ஜனவரி நடுவில் காணும் பொங்கலை ஒட்டி ஒரு போட்டி என்றால், பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தாக வேண்டும். அதாவது புரட்டாசி. பல வீடுகளில் அடுப்பில் கறி, மீன் ஏறாத மாதம். தொடங்கும்போதே புரதத்துக்கு வழி தேடவேண்டிய நிலை. அப்புறம் தீபாவளிப் பலகாரம், அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை, காலையில் ஓட முடியாத வாரங்கள், மார்கழிப் பொங்கல் பிரசாதம். இந்த நான்கு மாதத்தைத் தாண்டி வருவதுதான் தயாரிப்பு. அரைக் கிலோ இறங்க நாளுக்கு 550 கலோரி அளவுக்குக் குறைய வேண்டும். வெந்த சோற்றில் அது நானூறு கிராம் சொச்சம், ஒரு பெரிய தட்டு. இதே காலத்தில் 150 கிராம் புரதமும் உள்ளே போக வேண்டும். பத்து முட்டை வெள்ளை 36 கிராம், முந்நூறு கிராம் கோழி நெஞ்சுக்கறி 68 கிராம், ஐம்பது கிராம் மீல் மேக்கர் 26 கிராம், மிச்சத்துக்குப் பருப்பு, தயிர், கரைக்கு வந்த மத்தி மீன். புரட்டாசியில் கோழியையும் மீனையும் எடுத்துவிட்டால் மீல் மேக்கரும் பனீரும் கூட வேண்டும். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. தினமும் தராசில் வைத்துச் சாப்பிட்டு, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் எடை பார்த்து, இரண்டு வாரம் எடை நகராவிட்டால் ஒரு கைப்பிடி சோற்றைக் குறைத்து, மறுபடி பொறுத்திருக்கிற வேலை. பார்ப்பவருக்கு இது அலுப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. தண்ணீர் குடிக்காமல் கன்னம் ஒட்டிப்போன கடைசி மூன்று நாள்தான் வீடியோவாகிறது, பையன்கள் தவம் என்று நினைத்துக்கொள்வதும் அதைத்தான்.

நேர்மையாகச் செய்தாலே இந்தத் தயாரிப்பு உடம்பை எந்த அளவுக்குக் கறக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஊசி, மாத்திரை எதுவும் தொடாத ஒரு போட்டியாளரை ஆறு மாதத் தயாரிப்பிலும் பிறகு ஆறு மாதத் தேறுதலிலும் தொடர்ந்து அளந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5க்கு இறங்கியது. ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 53 இருந்தது 27 ஆனது. டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27க்கு விழுந்தது. மனநிலை சிதைந்தது, பலம் குறைந்தது, போட்டி முடிந்து ஆறு மாதம் ஆகியும் பலம் முழுதாகத் திரும்பவில்லை. ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வுதான், அதை எல்லோருக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. மேடையில் உச்சத்தில் இருப்பதாக நமக்குத் தெரிகிற அந்த மனிதர் உள்ளுக்குள் தன் ஆண்டின் மிகப் பலவீனமான நாளில் நிற்கிறார். இருப்பதே இவ்வளவுதான் என்கிற நிலையில் போய்த் தண்ணீரையும் உப்பையும் பிடுங்குவது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

இங்கேதான் மாஸ்டருக்கும் மற்றப் போட்டியாளர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேச வேண்டும். ரயில்வேயிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இருப்பவருக்குப் போட்டி நெருங்கும்போது வேலையில் கொஞ்சம் தளர்வு கிடைக்கலாம். ஒரு கிராமத்து ஜிம் மாஸ்டருக்கு அது கிடையாது. விடிவதற்கு முன் கூடத்தைத் திறக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். ஒன்பது, பத்து மணிக்கு ஒரு ஓய்வு. சாயங்காலம் மறுபடி நான்கைந்து மணி நேரம் நின்றபடியே. இரவு பத்துக்கு மேல் சாப்பாடு, காலையில் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும், தூக்கம் ஆறு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அந்த நேரமெல்லாம் அவர் செய்கிற முக்கியமான வேலை பிறர் உடம்பைக் காப்பது. பெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு பையன் எண்பது கிலோவைத் தூக்கும்போது தலைமாட்டில் நின்று கம்பிக்குக் கீழே கைவைத்திருப்பவர் அவர்தான். பையனின் முழங்கை நடுங்கத் தொடங்கியதைக் கண் பார்த்து, கை போய்ப் பிடிக்க வேண்டிய இடைவெளி ஒரு நொடிக்கும் குறைவு. தவறினால் கம்பி விழுவது கழுத்தின் மேல். இரண்டு நாள் தண்ணீர் குடிக்காத, எழுந்தால் கண் இருட்டுகிற ஒருவர் அந்த இடத்தில் நிற்கலாமா? லாரி ஓட்டுநர் தூங்காமல் ஓட்டினால் கோபப்படுகிறோம், இதையும் அதே கண்ணால் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. போட்டி வாரத்தில் ஸ்பாட்டிங் நிற்பதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும் மாஸ்டர்கள் இருந்தால் அவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஒற்றை ஆளாக நடத்தும் கூடத்தில் ஒப்படைக்க ஆள் ஏது? அங்கே தண்ணீரைக் குறைக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

'சாம்பியன்கள் எல்லாரும் இதைச் செய்துதானே ஜெயித்தார்கள்?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஜெயித்தவர்கள் செய்தார்கள் என்பதாலேயே ஜெயித்தது அதனால்தான் என்றாகிவிடாது. தோற்றவர்களும் அதையேதான் செய்தார்கள். நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் எஸ். பாஸ்கரனுக்கு 2019இல் அர்ஜுனா விருது கிடைத்தது. உலக மேடையில் இந்தியாவுக்காக நின்றவர். அந்த உயரத்துக்கு ஒருவரைக் கொண்டுபோவது ஆண்டுக்கணக்கில் சேர்த்த தசை. அது தண்ணீரை நிறுத்தி வாங்கக்கூடிய பொருள் இல்லை. இன்னும் பின்னால் போனால் மனோகர் ஐச் இருக்கிறார். ஐந்தடிக்கும் குறைவான உயரம், வெள்ளையர் காலத்துச் சிறையில் கருவி எதுவும் இல்லாமல் உடற்பயிற்சி செய்தவர், 1952இல் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் வென்றார், 2016இல் 104 வயதில் காலமானார். கடைசி வாரத்து வித்தைகள் பரவுவதற்கு முந்தைய தலைமுறை அது. மறுபக்கம் பாருங்கள். 1992இல் முகமது பெனாசிசா நெதர்லாந்தில் போட்டி முடிந்த கையோடு இதயம் நின்று இறந்தார், உடம்பின் நீரை வற்றச் செய்த முறைகள்தான் காரணமாகப் பேசப்பட்டன. தோலுக்கடியில் கொழுப்பே இல்லை என்று உலகம் வியந்த ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 மார்ச்சில், போட்டி முடித்த சில நாளில், 31 வயதில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து போனார். இவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை, உலகத்தரத்து வீரர்கள்.

ஓரிருவரை வைத்துப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2005 முதல் 2020 வரை சர்வதேசப் போட்டிகளில் மேடையேறிய 20,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2025இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வெளியானது. பதிவான 121 மரணங்களில் 38 சதவீதம் திடீரென்று இதயம் நின்றதால் நேர்ந்தவை. இறந்தவர்களின் சராசரி வயது 45. தொழில்முறை வீரர்களுக்கு அந்த ஆபத்து அமெச்சூர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இதில் ஊக்கமருந்தின் பங்கையும் நீர்க்குறைப்பின் பங்கையும் தனித்தனியே பிரித்து எடுக்க முடியாது என்று ஒருவர் வாதிடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதம் நீர்க்குறைப்புக்கு நற்சான்று ஆகாது. சோடியமும் பொட்டாசியமும் சீராக இருந்தால்தான் இதயத்தின் மின்துடிப்பு சீராக இருக்கும். அதைக் குலைக்கும் எதுவும் ஊக்கமருந்தால் ஏற்கெனவே தடித்திருக்கக்கூடிய இதயச் சுவருக்கு இன்னொரு அடி. லாசிக்ஸ் என்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபியூரோஸமைடு மாத்திரை, இதயமோ சிறுநீரகமோ பழுதாகிக் கால் வீங்கியவருக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பது. நீரோடு பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். அதை மேடைக்கு முந்தின இரவு விழுங்குவதைத் 'தயாரிப்பு' என்ற பெயரில் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் அது இருக்கிறது.

எடைப் பிரிவு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'நான் 70 கிலோ பிரிவில் இறங்க வேண்டும், 72 நிற்கிறது, தண்ணீரை விடாமல் என்ன செய்ய?' 75இல் இறங்குங்கள். இல்லாவிட்டால் நான்கு வாரம் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். எடை பார்க்கும் தராசுக்குத் தெரிவது கிலோ மட்டும். நடுவர் பார்ப்பதோ நிறைவையும் சீரையும். இரண்டு கிலோ நீரை இழந்து சின்னப் பிரிவில் சுருங்கி நிற்பவரைவிடப் பெரிய பிரிவில் நிரம்பி நிற்பவர் நன்றாகத் தெரிவார்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. 'பக்கத்தில் நிற்பவன் ஊசி போட்டிருக்கிறான். நான் சுத்தமாக இருந்தால் எனக்குப் பரிசு கிடைக்காது, பரிசு கிடைக்காவிட்டால் ஜிம்முக்கு ஆள் வராது, இது என் வயிற்றுப்பாடு.' இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவின் விதிமீறல்கள் 152. அவற்றில் 57 உடற்கட்டுப் போட்டியாளர்களுடையவை, வேறெந்த விளையாட்டையும்விட அதிகம். அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது என்றுதான் இது காட்டுகிறது. 2022இல் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று தேசியச் சட்டமே வந்தது. ஆனால் திருவிழாப் பந்தலிலும் தலைவர் பிறந்தநாள் மேடையிலும் நடக்கும் போட்டிக்குச் சிறுநீர் மாதிரி எடுக்க யார் வரப்போகிறார்கள்? ஆக, அந்த மாஸ்டர் ஒரு கோப்பையை இழக்கக்கூடும். அதை மறுக்கவில்லை. நான் மறுப்பது இரண்டாவது பாதியை. கோப்பை இல்லாவிட்டால் ஆள் வராது என்பது எந்த ஆளைப் பற்றிய பேச்சு? கிருமாம்பாக்கம் போன்ற ஊரில் மாதக் கட்டணம் கட்டித் தொடர்ந்து வருபவர்களில் மேடையேறப் போகிறவர் அரிது. சர்க்கரை வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் வருபவர், பிரசவத்துக்குப் பின் முதுகுவலியோடு வரும் பெண், போலீஸ் வேலைக்கு ஓட்டப் பயிற்சி எடுக்கும் இளைஞர், தொப்பை குறைய வேண்டும் என்கிற கடைக்காரர், இவர்கள்தான் கூடத்தின் வாடகையைக் கட்டுகிறார்கள். இவர்களுக்கு வேண்டிய திறமை பதினாறு வாரம் அலுக்காமல் ஒரு பழக்கத்தைக் கட்டிக்காப்பது. போட்டித் தயாரிப்பின் நீண்ட பகுதியில் மாஸ்டர் கற்றுக்கொள்வது துல்லியமாக அதைத்தான். அவரிடம் விற்பதற்கு இருக்கும் உண்மையான சரக்கு அது. கடைசி வாரத்தில் கற்றுக்கொண்ட எதுவும் அந்தக் கடைக்காரருக்கு ஒரு காசுக்கும் ஆகாது, சர்க்கரை நோயாளிக்கோ விஷம்.

வருமானத்தின் இன்னொரு முனை டப்பா. புரதப் பவுடர் விற்பதில் வரும் கமிஷன் பல கூடங்களில் கட்டணத்துக்கு ஈடாக ஓடுகிறது. அங்கே மாஸ்டரின் மேடைப் படம் டப்பாவுக்கு விளம்பரமாகிறது. பவுடரே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை, பால் பிரிந்த நீரிலிருந்து எடுக்கும் வே புரதம் உணவுதான். ஆனால் இந்தியச் சந்தையில் விற்ற 36 புரதப் பவுடர்களை ஆராய்ந்து கேரள மருத்துவர்கள் குழு 2024இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ 70 சதவீத டப்பாக்களில் புரத அளவு பற்றிய தகவல் சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. அதே ஆண்டு மே மாதம் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் தசை வளர்ப்புக்கென்று புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. சாதாரண ஆளுக்கு நிறுவனம் சொல்லும் புரதத் தேவை கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ பையனுக்கு ஐம்பது கிராம். பயிற்சி செய்கிறான் என்று இரட்டிப்பாக்கினாலும் முட்டை, பருப்பு, மீன், நிலக்கடலையில் கிடைத்துவிடும். மேடை உடம்பு டப்பாவால் வந்தது என்ற எண்ணத்தை அந்தப் பையனிடம் வளர விடுவது, தண்ணீரை நிறுத்தியதால் வந்தது என்று நம்பவிடுவதற்குச் சகோதரம்.

இன்னொரு குரலையும் கேட்க வேண்டும், அது ஊர்ப் பெரியவர்களுடையது. 'இந்தச் சாலையில் மதுக்கடைகளை எண்ணி மாளாது. பையன்கள் அங்கே போகாமல் ஜிம்முக்குப் போகிறார்களே, அதையும் கெடுத்துவிடாதீர்கள்.' இந்த ஆட்சேபத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எல்லையோரப் புதுச்சேரிக் கிராமங்களில் மதுவின் பிடி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் யாரும் ஆணழகன் போட்டியைக் கண்டபடி பழிக்க மாட்டார்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஓர் இளைஞனைக் கடையிலிருந்து தள்ளிவைக்கும் எதுவும் நல்லதே. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று இந்த மண்ணிலேயே உடம்பைப் போற்றும் வழக்கம் பழையது, அதன் தொடர்ச்சியாகவே நான் ஜிம்மையும் பார்க்கிறேன். போட்டி வேண்டாம் என்று நான் எங்குமே சொல்லவில்லை. ஒரு தேதி, ஒரு மேடை, ஒரு காரணம் இருந்தால்தான் பலரால் பதினாறு வாரம் ஒழுங்காக இருக்க முடியும். மதுவிலிருந்து பையனைக் காக்கும் வேலையை அந்தப் பதினாறு வாரம் செய்துவிடுகிறது, கடைசி வாரம் அதில் எதையும் சேர்ப்பதில்லை. இன்னொன்று, அவ்வளவு நாள் கட்டுப்பட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிய அன்றிரவே பிரியாணியும் பீருமாகக் கொட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு அன்சல் கீஸ் ஆராய்ந்தார். உடல் எடையில் கால்பங்கு போனது. உணவு கிடைத்த பிறகும் மாதக்கணக்கில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. போட்டி முடிந்த ஆணழகனுக்கும் இதேதான் நேர்கிறது. உச்சத்தில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாரோ அவ்வளவு வேகமாக மறுபக்கம் சரிவார்.

அப்படியானால் கிருமாம்பாக்கத்து மாஸ்டர் கடைசி வாரத்தில் என்னதான் செய்வது? அதுவரை குடித்த தண்ணீரையே குடிக்க வேண்டும். அதுவரை போட்ட உப்பையே போட வேண்டும், மூன்று நாள் சோற்றை ஒன்றரை மடங்காகக் கூட்டலாம், புதிதாக எதையும் வாயில் வைக்கக்கூடாது. கால் பயிற்சியை ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டால் தொடையில் தேங்கிய வீக்கம் வடியும். கண்ணாடி முன் போஸிங் நேரத்தைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் நன்றாக வந்த உடம்பைக் காட்டத் தெரியாமல் தோற்பவர்கள் ஏராளம். கடலூர் சாலையிலேயே கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தயாரிப்பைத் தொடங்கும் வாரத்திலும் மேடைக்கு இரண்டு வாரம் முன்பும் ஒரு இ.சி.ஜி., சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்துவிட இந்த ஊரில் ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் வடலூரில் மாநில அளவிலான ஆணழகன் போட்டிக்கு வந்திருந்த சேலம் மாவட்ட இளைஞர் ஒருவர், மேடையேறுவதற்கு முன் சாப்பிட்ட ரொட்டி தொண்டையில் அடைத்து உயிரிழந்தார். இதோ பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் நடந்தது. மேடைக்கு வண்ண விளக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பின்னால் ஒரு ஆம்புலன்சையும் முதலுதவி தெரிந்த இருவரையும் நிறுத்தலாம். தொண்டை அடைத்தவருக்குப் பின்னாலிருந்து வயிற்றை அழுத்தி மீட்கும் முறையை ஒவ்வொரு மாஸ்டரும் கற்றிருக்க வேண்டும், அவர் கூடத்திலும் ஒருநாள் அது தேவைப்படலாம்.

பலகையைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். மேடைப் படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, உழைத்துப் பெற்றது அது. பக்கத்தில் செப்டம்பரில் எடுத்த படத்தையும் போட்டி முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தையும் வைக்கலாம். மூன்றுக்கும் கீழே தேதி, எடை, அன்றைக்குச் சாப்பிட்டது. வருகிற பையன் முதலில் பார்க்க வேண்டியது ஏப்ரல் மாதத்து உடம்பு, எழுபத்து மூன்று கிலோ, வயிற்றில் மெல்லிய கொழுப்பு, நல்ல தூக்கம், பெஞ்சில் பழையபடி திரும்பிய பலம். மேடை இறங்கிய மறுநாளிலிருந்து வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது கலோரி என்று கூட்டிக்கொண்டு போனால் அந்த உடம்புக்கு வந்து சேரலாம், அதற்கும் பத்துப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்து, பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.